ஒருசந்தி வண்டி

பிஸ்டனின் படம் கைபேசிக்கு வந்து சேர்ந்தபோது ரோசாலி கன் தோ ஊரில் ஒரு தெருக்கடை வாசலில் உட்கார்ந்து நூடுல்ஸ் சூப்பில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலை. சைகோனில் கார்ப் பைத்தியம் பிடித்த எண்ணூறு பேர் சேர்ந்து வைத்திருக்கிற ஜாலோ செயலிக் குழுவில்தான் அந்தப் படம். எண்ணெய்க் கறை படிந்த ஓர் உள்ளங்கை, அதன் மேல் ஒரு பிஸ்டன். பிஸ்டன் தலையின் ஓரம் மெழுகுவர்த்தி உருகி வழிந்தது போலக் கரைந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. கீழே வியட்நாமிய மொழியில் ஒரு வரி: ‘சி லி எழுதிய மேப். நேற்று, பந்தயத்தின் மூன்றாவது சுற்றில்.’

சி என்றால் அக்கா. லி என்பது ரோசாலி என்ற பெயரில் அந்த ஊர் வாய்க்கு அகப்பட்ட மிச்சம்.

உள்ளங்கை யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கட்டைவிரலில் நகம் பாதிதான் இருந்தது. கியெட்டின் கை. ஒன்பது வருஷமாக எந்தப் பட்டறையில் உட்கார்ந்து அவள் வேலை செய்தாளோ அந்தப் பட்டறையின் முதலாளி.

படத்துக்குக் கீழே நூற்றுப் பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி கண்ணளவில் பெட்ரோல் போட்டிருப்பாள் என்று ஒருவன். இனிமேல் எஞ்சினுக்குப் பாதிரியாரைக் கூட்டி வந்து மந்திரிக்கலாம் என்று இன்னொருவன். அந்த இன்னொருவனுடைய வண்டிக்குப் போன மாசம்தான் வெயிலில் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தாள். சூப் ஆறிப் போயிற்று.

என் கண்ணுகளா, இவள் என்ன வேலை செய்கிறவள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இவளுக்காகக் கோபப்பட்டால் அந்தக் கோபம் பாதிதான் தேறும்.

இந்தக் காலத்துக் கார் எஞ்சினுக்குச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதற்குள் கட்டம் கட்டமாக எண்கள். எஞ்சின் இவ்வளவு வேகமாகச் சுற்றி, இவ்வளவு காற்றை இழுத்தால் இவ்வளவு பெட்ரோல் தெளி, இந்த நொடியில் பொறி வை என்று ஒவ்வொரு கட்டமும் சொல்லும். அந்தப் பலகைதான் மேப். கம்பெனி விட்டபடி ஓடுகிற காருக்குக் கம்பெனி எழுதியதே போதும். காற்றை அமுக்கித் தள்ளுகிற பெரிய டர்போ வைத்து, அகலக் குழாய் போட்டு, வண்டியை வேறு ஜாதியாக மாற்றிவிட்டால் பழைய எண் உதவாது. புதிதாக ஒருவர் உட்கார்ந்து எழுத வேண்டும். சைகோனில் அப்படி எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். அதில் பெண் ரோசாலி ஒருத்திதான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் காரைக்காலிலிருந்து சைகோன் துறைமுக ஆபீசுக்கு எழுத்தராக வந்தவருடைய பேத்தி. எழுபத்தைந்தில் போர் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாரும் கப்பலும் விமானமுமாக ஏறிப் போனபோது, போகாமல் நின்றுவிட்ட வீட்டில் பிறந்தவள். மோட்டார்சைக்கிள் கார்புரேட்டரில் தொடங்கி, தானாகவே கற்றுக்கொண்டு, இப்போது ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும்தான் அவளுடைய பட்டறை. மற்றவர்கள் பட்டறைக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. யாருக்கும் முதல் நாளே முழு மேப் தரமாட்டாள். முதலில் ஒருசந்தி. தவக்காலத்தில் ஒரு பொழுது மட்டும் சாப்பிட்டு இருப்பது போல வண்டி அரைவயிறாக ஓட வேண்டும். நிமிஷத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் எஞ்சின் போகாது, டர்போ மூச்சைப் பிடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு இரண்டு எண்களால் பூட்டு; சுற்றுக்கு ஒன்று, டர்போவுக்கு ஒன்று. அப்படியே அறுநூறு கிலோமீட்டர் ஓட்டிக் கொண்டுவர வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருப்பதை அவள் படித்துப் பார்த்து, எஞ்சினின் குணம் தெரிந்த பிறகுதான் பலகையில் அதிவேகத்துக்கான மேல் வரிகளை எழுதுவாள். அதையும் விடியற்காலையில் குச்சி என்கிற ஊர்ப் பக்கத்துச் சாலையில், ஓட்டுகிறவர் பக்கத்திலேயே மடியில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்து எழுதுவாள். அன்றைக்குத்தான் பாஸ்கா, விரதம் முடிகிற பண்டிகை. பட்டறைக்காரர்களும் இந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். புத்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் மாசத்தில் இரண்டு நாள் மரக்கறி சாப்பிடுவதை ஆன் சாய் என்பார்கள். வண்டி ஆன் சாயில் இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். கியெட்டும் தன் சொந்த வெள்ளைக் காரின் சுற்று காட்டும் முள் நாலாயிரத்து ஐந்நூறில் முட்டிக்கொண்டு நிற்பதைப் படமெடுத்து, ‘சி லி இன்னும் எனக்குக் கறி போடவில்லை’ என்று பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால்தான் அதே குழுவில் போட்டிருந்தான்.

வெந்த பிஸ்டன் மீனாளுடைய நீலக் காரின் பிஸ்டன். மீனாள் காரைக்குடிப் பக்கத்துப் பெண், சைகோனை அடுத்த பின் யுவோங்கில் ஒரு தையல் ஆலையில் தரம் பார்க்கிற வேலை. போன வியாழக்கிழமைதான் ரோசாலி அந்தக் காருக்கு ஒருசந்தி எழுதியிருந்தாள். எழுதி முடித்ததும் மீனாளே அதே காரில் அவளை பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டாள். அறுநூறு ஓட்டிட்டுக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு ரோசாலி கன் தோவுக்குப் பஸ் ஏறினாள்.

ஓட்டையின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். காற்று நிறையப் போய், பெட்ரோல் போதாமல் வெந்திருக்கிறது. பூட்டு இருந்தால் இவ்வளவு காற்று உள்ளே போக வழியே இல்லை. யாரோ பூட்டை எடுத்திருக்கிறார்கள்.

பஸ்ஸில் திரும்பி வருகிற நாலு மணி நேரமும் அவள் கேபிளைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அதுதான். நடுவில் ஒரு நினைப்பு முள்ளாகக் குத்தியது. ஒருசந்தியில் மேல் வரிகளுக்கு எஞ்சின் போகாது என்பதால் அந்த வரிகளை அவள் எழுதுவதில்லை. கடைசியாக எழுதிய வரியையே அப்படியே மேலே இழுத்து நிரப்பி வைப்பாள். மாடிப்படி கட்டாத வீட்டில் மாடிக் கதவைப் பூட்டி வைப்பது மாதிரி. அந்தப் பூட்டுக்கும் கடவுச்சொல் போடமாட்டாள். அவரவர் எஞ்சினுக்கு நான் ஏன் சாவி வைத்துக்கொள்ள வேண்டும் என்பாள். கதவைத் திறந்தவன் விழத்தான் செய்வான். ஆனால் திறந்தவன் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? கட்டியவளின் கையையா வெட்டுவது?

பட்டறையில் கியெட் அவளை உட்காரச் சொன்னான், பாலும் பனிக்கட்டியும் போட்ட காபி வரவழைத்தான். காரின் கம்ப்யூட்டரைத் தொட மட்டும் விடவில்லை. குழு ஆட்கள் சனிக்கிழமை வருகிறார்கள், எல்லார் முன்னாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றான். ஒரு தாளை எடுத்து வைத்தான். மேப்பில் தவறு தன்னுடையது என்று அவள் ஒப்புக்கொள்வதாக நாலு வரி. கையெழுத்துப் போட்டுவிட்டால் விஷயம் இத்தோடு முடியும், எப்போதும் போல இங்கே வந்து வேலை செய்யலாம். போடாவிட்டால் இந்த ஊரில் எந்தப் பட்டறையும் கூப்பிடாது என்று, மழை வரும் போலிருக்கிறது குடை எடுத்துக்கொள் என்று சொல்கிற குரலில் சொன்னான். ஒன்பது வருஷம் அவள் எழுதிய வண்டிகளின் படங்களைத்தான் அவன் சுவரில் மாட்டியிருந்தான். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் இதைச் சொன்னான்.

மீனாள் போனை எடுக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் எடுக்கவில்லை. அதற்குள் இரண்டு பட்டறைகள் அடுத்த வாரத்து வேலையை அப்புறம் பார்க்கலாம் என்று செய்தி அனுப்பிவிட்டன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மீனாள் எங்கே இருப்பாள் என்று ரோசாலிக்குத் தெரியும். சைகோன் நடுவில் இருக்கிற முருகன் கோயில் வாசலில் போய் நின்றாள். மீனாள் திருநீற்றோடு வெளியே வந்து, இவளைப் பார்த்ததும் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். செருப்பு காலடியில்தான் இருந்தது.

“அக்கா, கோவிச்சுக்கிடாதீக.”

“கோவிக்கிறதுக்கு நேரம் இருக்கு. மொதல்ல சொல்லு. பூட்டை எடுத்தது யாரு?”

மீனாள் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நாந்தேன் கேட்டேன். ஞாயித்துக்கிழமை எங்க ஆலை ஆளுக பதினஞ்சு பேரு பந்தயம் பாக்க வாராக. நாலாயிரத்தஞ்ஞூறுல முக்கிக்கிட்டு நின்னா சிரிக்க மாட்டாகளா? சனிக்கிழமை கியெட் அண்ணன்கிட்டப் போனேன். ரெண்டே ரெண்டு நம்பரு, அஞ்சு நிமிசம்னு சொன்னாக.”

“என்னை ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?”

“கேட்டா வேணாம்பீக.”

“ஆமா, வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே என்னைக் கூப்பிட்டது?”

மீனாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. புது எஞ்சினைத் தானே கட்டித் தருவதாகக் கியெட் சொல்லியிருப்பதையும், சனிக்கிழமை நடந்ததை யாரிடமும் சொல்லாமல் இருந்தால்தான் அது என்பதையும் திக்கித் திக்கிச் சொன்னாள். ஏழு வருஷத்துச் சம்பளம் அந்தக் கார் என்றாள்.

“ஒனக்கு எஞ்சின் வரும்,” என்றாள் ரோசாலி. “எனக்கு?”

ரோசாலி கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. “நாளைக்கு வா. பேசாட்டியும் போவுது. என் எதுத்தாப்புல ஒக்காரு. நான் ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளைக் கிளப்பினாள். வழியெல்லாம் உடம்பு கொதித்தது. திருடினவன் மேல் வருகிற கோபத்தை விட, பார்த்துக்கொண்டு நின்றவள் நமக்கு வேண்டியவளாக இருந்தால் வருகிற கோபம் இருக்கிறதே, அது லேசில் ஆறாது. உங்களுக்கு அது வராமல் இருக்க வேண்டும், என் செல்லங்களே.

சனிக்கிழமை காலை முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அடுக்கி வைத்த டயர்களின் மேல் காபி கிளாஸ்கள். தூக்கியில் ஏற்றிய நீலக் கார் எஞ்சின் இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்தில் கியெட்டின் வெள்ளைக் கார், கழுவித் துடைத்து. மீனாள் வந்திருந்தாள், கடைசி நாற்காலியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு.

கியெட் நடந்ததைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். சி லி திறமைசாலி, யாருக்கும் ஒரு நாள் கை தவறும், ஒப்புக்கொண்டால் பெரிய மனசு என்றான். தாளையும் பேனாவையும் டயர் மேல் வைத்தான்.

ரோசாலி தாளைப் பார்க்கவே இல்லை. கேபிளைப் பிரித்து நீலக் காரின் கம்ப்யூட்டரில் செருகி, லேப்டாப்பை எல்லாரும் பார்க்கிறபடி திருப்பி வைத்தாள். தன்னிடம் இருந்த பிரதியைப் பக்கத்தில் திறந்தாள். எண்ணெல்லாம் ஒன்றேதான், இரண்டைத் தவிர. அவள் பிரதியில் பூட்டு இருந்தது. காரில் இல்லை.

வீட்டுக்குப் போய் உன் பிரதியை நீயே மாற்றியிருக்கலாமே என்றான் கியெட். கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். மேல் வரிகளைக் காட்டி, இதோ, எட்டு வரியும் ஒரே எண், இதை எழுதியது யார் என்று கேட்டான்.

“நான்தான்,” என்றாள் ரோசாலி. அது உண்மை. சொல்லும்போது நெஞ்சில் சுருக்கென்றது, ஆனாலும் சொன்னாள். பிறகு அவர்கள் மொழியிலேயே, நிதானமாகக் கேட்டாள். “கியெட் அண்ணா, உங்கள் வெள்ளைக் காரிலும் என் மேப்தான் இருக்கிறது. அது எத்தனை சுற்று போகும்?”

யாரோ பின்னால் கிளுக்கென்று சிரித்துவிட்டார்கள். கறி போடவில்லை என்று அவன் போட்ட படம் எண்ணூறு பேருக்கும் ஞாபகம் இருந்தது. மஞ்சள் கார் வைத்திருக்கிற ஒருவர் கைபேசியில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பக்கத்து ஆளுக்குக் காட்டினார். முப்பது பேரும் ஒவ்வொருவராக யோசிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் வண்டிகளும் ஒரு காலத்தில் ஆன் சாயில் இருந்தவைதானே. பூட்டில்லாமல் எந்த வண்டிக்கு இவள் முதல் நாள் கொடுத்திருக்கிறாள்?

கியெட்டுக்கு முகம் மாறியது, ஆனால் ஒரு நொடிதான். அப்படியானால் இந்த ஒரு வண்டிக்குப் பூட்டுப் போட மறந்திருப்பாள், பாவம், ஊருக்குப் போகிற அவசரம், மனுஷிதானே, நாம் பெருந்தன்மையாக இருப்போம் என்றான்.

அந்தப் ‘பாவம்’தான் அவளைச் சுட்டது. திருடி என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தான் செய்ததை அவள் தலையில் கட்டி, அதையும் அவனே மன்னிக்கிறானாம். கேபிளை அவள் விரலில் சுற்றிய சுற்றில் விரல் நுனி வெளுத்துப் போயிற்று. கடைசி நாற்காலியைப் பார்த்துத் தமிழில் கேட்டாள்.

“வியாழக்கிழமை என்னை பஸ் நிலையத்துல கொண்டுவந்து விட்டியே மீனா. அன்னிக்கு வண்டி எவ்வளவு போச்சு?”

மீனாளின் கைப்பை மடியிலிருந்து சரிந்து கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எழுந்து நின்றாள். அவளுடைய வியட்நாமிய மொழி ஆலையில் கற்றது. எண்களும் கிழமைகளும் மட்டும்தான் அதில் பிசகாமல் வரும். வியாழன் நாலாயிரத்து ஐந்நூறு, அதற்கு மேல் போகவில்லை என்றாள். சனி இந்தப் பட்டறைக்கு வந்தேன், இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், ஐந்து நிமிஷம் என்றாள். பிறகு ஏழாயிரம் போயிற்று என்றாள். கேட்டது நான், திறந்தது அவர் என்றாள். உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டாள்.

கியெட் தாளை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சின்ன விஷயம், எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றான். கைபேசியை எடுத்து, எல்லாரும் பார்க்க, பிஸ்டன் படத்தைக் குழுவிலிருந்து அழித்தான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. உப்புக் கதை எழுதியவனும் பாதிரியார் கதை எழுதியவனும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நழுவினார்கள்.

“அழித்தால் சரியாகிவிடுமா?” என்றாள் ரோசாலி. “ஆறு நாள் என் பெயர் அங்கே தொங்கியது. ஆறு நாள் உண்மையும் தொங்கட்டும். உங்கள் கையால் எழுதுங்கள்.”

கியெட் சிரித்தான். அவள் லேப்டாப்பை மூடி, சுருட்டிய கேபிளைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

ஆனால் வெள்ளைக் கார் இன்னும் ஒருசந்தியில்தான் இருந்தது.

இந்தத் தொழிலில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பாதி எழுதிய மேப்பில் இன்னொருவர் கை வைக்கமாட்டார். வைத்தால் பழி யாருக்கு என்று தெரியாமல் போகும். நீலக் காரின் கதைக்குப் பிறகு சைகோனில் மிச்சமிருந்த ஆறேழு பேரும் அந்த வழக்கத்தை இரண்டு மடங்கு கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். கியெட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தான். சி லி எழுதியதா, அவளிடமே போங்கள் என்றார்கள். முதலிலிருந்து புதிதாக எழுதித் தருகிறோம், ஆனால் நாங்களும் இனிமேல் முதலில் பூட்டுத்தான் போடுவோம் என்று ஒருவர் சொன்னாராம். மேல் வரிகளில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரிந்துவிட்டதால் கியெட் தன் வண்டியின் பூட்டை மட்டும் தானே எடுக்கத் துணியவில்லை.

ஒரு மாசம் அந்த வெள்ளைக் கார் நாலாயிரத்து ஐந்நூறில் ஊர்ந்தது. பால் வண்டிகள் அதை முந்திப் போயின. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களில் கியெட்டுக்கு யாராவது ஒரு தட்டில் சோயாக் கட்டியை வைத்து நீட்டுவார்கள். நாலு முறை ஆள் அனுப்பினான். நாலு முறையும் ரோசாலி ஒரே பதில்தான் சொல்லி அனுப்பினாள்: எழுதச் சொல்.

முப்பத்து மூன்றாம் நாள் எழுதினான். மூன்று வரி. பூட்டை எடுத்தது நான். மேப் எழுதியவளுக்குத் தெரியாது. பழி சொன்னது தப்பு. ரோசாலி அதைப் படித்துவிட்டு, காலண்டரில் ஆறு நாளை எண்ணினாள். ஏழாம் நாள் விடியற்காலை குச்சிச் சாலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மேல் வரிகளை எழுதினாள். குறை வைக்காமல் எழுதினாள். எஞ்சின் ஏழாயிரத்தைத் தொட்டபோது கியெட் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தான். அவள் சாலையைப் பார்க்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

அந்த வருஷத்திலிருந்து அவள் ஒருசந்தியில் ஒரு மாற்றம் செய்தாள். மேல் வரிகளை இப்போது சும்மா இழுத்து நிரப்புவதில்லை. அளவுக்கு மேல் பெட்ரோலும், பிந்திய பொறியுமாக எழுதி வைக்கிறாள். இனி யாராவது பூட்டை எடுத்தால் வண்டி கருப்புப் புகையாக இருமும், பிஸ்டன் வேகாது. ஏன் மாற்றினாய் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

மீனாளின் எஞ்சினை வேறொரு பட்டறை கட்டி முடிக்க ஐந்து மாசம் ஆயிற்று. ஒரு நாள் போன் வந்தது. ரோசாலி உடனே எடுக்கவில்லை; மூன்றாம் தடவை எடுத்தாள்.

“அக்கா, வண்டி ரெடியாயிருச்சு. நீங்க வருவீகளா?”

“வர்றேன்.”

“இந்தத் தடவையும் ஒருசந்தியாக்கா?”

“ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர்,” என்றாள் ரோசாலி.

“சரிக்கா,” என்றாள் மீனாள். “ஒண்ணு குறையாம ஓட்டியாறேன்.”